பிளவில் ஓடும் எண்ணெய்

திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் சந்நிதிக்கு முன்னே அமைந்த ஒற்றைக்கல் மண்டபத்தைக் கண்டு வியவாத யாத்திரிகர் இல்லை. சுமார் 18 அடிச் சதுரமும் 3 அடிக் கனமும் கொண்டதாகச் சொல்லப்படும் அந்தக் கல், கணக்குப் போட்டுப் பார்த்தால் 70 டன்னுக்குக் குறையாத எடையுடையது. அதை எந்த யுக்தியால் இழுத்துவந்து இருத்தினார்கள் என்று கேட்பதோடு பலருடைய ஆச்சரியமும் ஓய்ந்துவிடுகிறது. ஆனால் பாறைகளின் இயல்பை அறிந்தவருக்கு, 18 அடி நீளத்துக்கும் 18 அடி அகலத்துக்கும் ஒரு வெடிப்புகூட ஊடே ஓடாத பாறை ஒன்று எங்கேயோ அகப்பட்டதே என்பதுதான் பெரிய ஆச்சரியமாக இருக்கும். கற்பாறை என்றால் பிளவற்ற அகண்ட பொருள் என்று நாம் நினைப்பது கண்ணின் மயக்கமே. அருகிலுள்ள திற்பரப்பில், ஆறு அருவியாக விழுமுன் நெடுந்தூரத்துக்கு ஒரே பாறையாகப் பரந்து கிடக்கும் படுகையில், நீர் வற்றிய கோடைக்காலத்தில் இறங்கிப் பார்த்தால், ஒன்றுக்கொன்று இணையாகச் சில கோடுகளும் அவற்றைக் குறுக்கே வெட்டும் வேறு சில கோடுகளுமாக அப்பாறை முழுவதும் வெடிப்புகள் ஓடியிருப்பதைக் காணலாம். கல்தச்சர் வெடிப்பில்லாத இடத்தைத் தேடுகிறார். எண்ணெய் தேடும் பொறியாளரோ அதே ஜாதிப் பாறையில் வெடிப்புள்ள இடத்தைத் தேடுகிறார். ஒருவர் கழித்து ஒதுக்குவதே மற்றவருக்கு மூலதனம்.

திருவட்டாற்றின் அடியில் எண்ணெய் இல்லை, இருக்கவும் நியாயமில்லை. சார்னோக்கைட், நைஸ் என்று புவியியலார் வழங்கும் இந்தப் பாறைகள் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் வெந்து உருமாறியவை. எண்ணெயாக மாறத்தக்க உயிர்ப்பொருள் எதுவும் அந்த வெப்பத்துக்குத் தப்பியிருக்க முடியாது. ஆனால் இதே குடும்பத்தைச் சேர்ந்த பாறைதான் தமிழகத்தின் பெரும்பகுதிக்கும் அஸ்திவாரம். கிழக்கே காவிரியின் சமவெளியில், கோண்டுவானா என்னும் பழங்கண்டம் பிளவுபட்ட காலத்தில், அந்த அஸ்திவாரம் பட்டைபட்டையாக உடைந்து, சில பட்டைகள் ஆயிரக்கணக்கான அடி கீழே இறங்கிப் பள்ளங்களாகவும், சில இறங்காமல் நின்று மேடுகளாகவும் அமைந்தன. பள்ளங்களில் கடலும் ஆறும் கொணர்ந்த சேறு படிந்து, அதில் அடங்கிய உயிர்ப்பொருள் காலக்கிரமத்தில் எண்ணெயாயிற்று. எண்ணெய் நீரைவிட இலேசானதாகையால் மேல்நோக்கி நகர்ந்தது. நகர்ந்து வந்த வழியில் பள்ளத்தின் ஓரத்தில் நின்ற மேட்டுப்பாறையின் வெடிப்புகள் வாய்திறந்திருக்க, அவற்றுள்ளும் புகுந்தது. அடிப்பாறைக்குள் எண்ணெய் எப்படி வந்தது என்ற புதிருக்கு விடை இவ்வளவுதான்: பெயரளவில் அது அடிப்பாறையானாலும், மேட்டின் தலை பக்கத்துப் பள்ளத்தின் சேற்றுப்பாறைக்கு மேலே நிற்கிறது.

கும்பகோணத்திலிருந்து மாதானம் வழியாகப் பரங்கிப்பேட்டை வரை புதைந்து கிடக்கும் அத்தகைய ஒரு மேட்டில்தான், சீர்காழி வட்டாரத்து மாதானத்தில் எண்ணெய் இயற்கை எரிவாயுக் கழகம் வெடிப்புற்ற அடிப்பாறையிலிருந்து எண்ணெயைக் கண்டது. பரங்கிப்பேட்டைக்கு அப்பால் கடலடியில் உள்ள பி.ஒய்.-1 என்னும் வயலின் எரிவாயுவும் இத்தகைய பாறையில் தங்கியதே. உலகில் இவ்வகைக்குப் பெரும் உதாரணம் வியட்நாமின் பாக் ஹோ வயல். அங்கே மணற்பாறையில் கிடைத்த சொற்ப எண்ணெயோடு திருப்தியடையாமல் கீழே துளைத்தபோது, 1988-ல் கருங்கல் அடிப்பாறையிலிருந்தே எண்ணெய் பெருகிற்று; அந்நாட்டின் எண்ணெய்த் தொழிலுக்கு நெடுங்காலம் அதுவே முதுகெலும்பாக இருந்தது.

எண்ணெய் இருக்கிறது என்று அறிவது ஒரு காரியம். அது கிணற்றை நோக்கி எவ்வளவு சுலபமாக வரும் என்று அறிவது வேறொரு காரியம். இரண்டாவதற்குரிய அளவையே ஊடுருவுதிறன் என்கிறோம். பிரான்சு தேசத்து டிஷோன் நகருக்குக் குடிநீர்த் திட்டம் வகுத்த ஆன்றி டார்சி என்னும் பொறியாளர், மணல் நிரப்பிய குழாயினூடே நீரைச் செலுத்திப் பார்த்து, அழுத்த வித்தியாசம் கூடும் அளவுக்கு ஓட்டமும் கூடுகிறது, கடக்கவேண்டிய நீளம் கூடும் அளவுக்கு ஓட்டம் குறைகிறது என்ற எளிய விதியை 1856-ல் வெளியிட்டார். எண்ணெய்த் தொழிலில் ஊடுருவுதிறனின் அலகுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. நல்ல மணற்பாறைக்கு அது ஒரு டார்சியின் சில பத்தில் பங்குகள் இருக்கும். அதனால் ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லிடார்சியைக் கையாள்வதே வழக்கம். வெடிப்பில்லாத கருங்கல் துண்டுக்கோ டார்சியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூடப் பெரும்பாலும் தேறாது. ஆகவே மாதானத்தில் எண்ணெய் வருகிறதென்றால், அது கல்லினூடே வரவில்லை, வெடிப்பினூடே வருகிறது என்பதில் சந்தேகமில்லை.

வெடிப்பு ஒன்றின் ஊடுருவுதிறனைக் கணக்கிடுவது ஏட்டளவில் மிகவும் எளிது. வழவழப்பான இரண்டு சுவர்களுக்கு நடுவே திரவம் ஓடுவதாகப் பாவித்தால், சுவரையொட்டிய திரவம் நகராமல் நிற்க, நடுவில் உள்ளதே விரைந்தோடுகிறது. இடைவெளி அகலமானால் ஓடுவதற்கு இடமும் கூடுகிறது, வேகமும் இடைவெளியின் வர்க்கத்துக்கேற்பக் கூடுகிறது. இரண்டும் சேர்ந்து மொத்த ஓட்டம் இடைவெளியின் கனத்துக்கேற்பப் பெருகுகிறது. பத்தில் ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள வெடிப்பை எடுத்துக்கொண்டால், அந்த வெடிப்பின் உள்ளே மட்டும் ஊடுருவுதிறன் ஏறத்தாழ 840 டார்சி என்று கணக்குச் சொல்கிறது. மணற்பாறை எதுவும் அதன் அருகே வர முடியாது. அத்தகைய வெடிப்புகள் மீட்டருக்கு ஒன்றாக இணையாக ஓடினால், பாறை முழுவதற்கும் பரப்பிச் சொல்லும் சராசரி 84 மில்லிடார்சியாகும். பாறையின் கனஅளவில் வெடிப்புகளின் பங்கோ பதினாயிரத்தில் ஒன்றுதான். நூற்றுக்கு இருபது பங்கு துளையுள்ள சுமாரான மணற்பாறைக்கு நிகராக, பதினாயிரத்தில் ஒரு பங்கு மட்டும் வெற்றிடமுள்ள பாறை எண்ணெயைக் கடத்துகிறது! ஒற்றைக்கல் மண்டபத்துக்குக் கல் தந்த இடத்தில் வெடிப்புகள் 18 அடிக்கு ஒன்றாக இருந்தன என்றும், அவற்றின் அகலமும் அதே பத்தில் ஒரு மில்லிமீட்டர்தான் என்றும் வைத்துக்கொண்டால், அங்கும் சராசரி 15 மில்லிடார்சி வருகிறது. சிற்பி குற்றமற்றதென்று தேர்ந்தெடுத்த பாறையும் எண்ணெய்ப் பொறியாளரின் கணக்கில் முற்றிலும் அடைபட்டதாகிவிடவில்லை.

இவ்வளவு எளிய சூத்திரம் கையில் இருக்க, மதிப்பீட்டில் கஷ்டம் என்ன என்று வாசகர் கேட்கலாம். கஷ்டம் அந்தக் கனத்திலேயே இருக்கிறது. அகலம் பத்தில் ஒரு மில்லிமீட்டரா, பத்தில் இரண்டா என்று தடுமாறினால் விடை எட்டு மடங்கு மாறிவிடும். பத்தாயிரம் அடி ஆழத்தில், இருட்டில், துளையிடுவோர் செலுத்தும் சேற்றுக்கரைசல் நிறைந்த துளையின் சுவரில் உள்ள ஒரு கீறலின் அகலத்தைத் தலைமயிர்க் கனத்துக்குத் துல்லியமாக அளப்பவர் யார்? மேலும் இயற்கையான வெடிப்பின் சுவர்கள் வழவழப்பாக இருப்பதில்லை; சில இடங்களில் தொட்டுக்கொண்டும், சில இடங்களில் சுண்ணாம்புக் கனிமத்தால் அடைபட்டும், சில இடங்களில் திறந்தும் இருக்கும்.

பாறைத்தண்டை வெட்டியெடுத்து ஆய்வுக்கூடத்தில் அளந்தால் ஆயிற்றே என்பது அடுத்த யோசனை. மணற்பாறைக்கு அது உத்தமமான வழி. வெடிப்புற்ற பாறையிலோ அந்த வழி நேர்மையாக நம்மை ஏமாற்றுகிறது. நல்ல வெடிப்பு உள்ள இடத்தில் தண்டு பொடிப்பொடியாக உடைந்துவிடும். முழுசாக மேலே வந்து சோதனைக்குப் போவது வெடிப்பில்லாத துண்டே. எண்ணெய் எதன் வழியாக வருமோ அதை விலக்கிவிட்டு, எதன் வழியாக வராதோ அதை மட்டும் அளக்கும் விசித்திரம் இது. இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு: ஆழத்தில் மேற்பாறையின் பாரத்தால் நெரிந்து மூடியிருந்த கீறல், பாரம் நீங்கி மேலே வந்ததும் திறந்துகொண்டு, இல்லாத பெருமையைத் தனக்குச் சூட்டிக்கொள்ளும். விரற்கடை பருமனுள்ள துண்டு, மீட்டர் கணக்கில் விலகி நிற்கும் வெடிப்புகளைப் பற்றி ஒன்றும் சொல்ல இயலாது என்பதே விஷயம்.

கிணற்றின் சுவரைப் படம்பிடிக்கும் கருவிகள் வந்தபின் நிலைமை ஓரளவு சீர்பட்டது. சுவரை ஒட்டிச் செல்லும் மின்முனைகள், சேறு புகுந்த வெடிப்பில் மின்சாரம் சுலபமாகப் பாய்வதை உணர்ந்து, விரித்த காகிதத்தில் அலைக்கோடாக அதை வரைந்து காட்டுகின்றன. அந்த அலையின் உயரத்திலிருந்து வெடிப்பின் சாய்வும், இடத்திலிருந்து அதன் திசையும் கிடைக்கும். ஆனால் செங்குத்தான கிணறு செங்குத்தான வெடிப்பை அபூர்வமாகவே சந்திக்கிறது. மீட்டருக்கு ஒன்றாக வெடிப்புகள் நின்றாலும், ஒரு சாண் அகலத் துளை அவற்றின் இடையே ஒன்றையும் தொடாமல் இறங்கிவிடக்கூடும். இந்த ஓரவஞ்சனையைத் திருத்தும் கணக்கை 1965-ல் ரூத் டெர்சாகி என்ற புவியியலார் வகுத்தார்: துளைக்கு ஏறக்குறைய இணையாகச் சாய்ந்த வெடிப்பு கண்ணில் பட்டது ஒன்றானால், அதற்குப் பெரிய எடை கொடுத்து எண்ணவேண்டும். இதைவிட வெளிப்படையான சாட்சியம் ஒன்றும் உண்டு. துளைக்கும்போது சுற்றிவரும் சேற்றுக்கரைசல் திடீரென்று காணாமற்போனால், துளைப்பவருக்கு அது தலைவலி, புவியியலாருக்கு நற்செய்தி. போன வேகமும் அளவும் வெடிப்பின் அகலத்தைக் குறித்து ஒருவாறு சொல்லும்.

ஆனால் படத்தில் கண்ட வெடிப்பு கிணற்றுக்கு வெளியே ஒரு முழம் ஓடி முடிகிறதா, ஒரு மைல் ஓடுகிறதா என்பதைப் படம் சொல்லாது. அதைச் சொல்லத்தக்கது திரவத்தின் ஓட்டம் ஒன்றே. 1908-ல் பாரசீகத்தின் மஸ்ஜிதே சுலைமானில், வெடிப்புற்ற சுண்ணாம்புப் பாறையில் எண்ணெயைக் கண்டு, பின் எடுக்கத் தொடங்கியவர்கள், ஒரு கிணற்றில் எடுத்தால் தொலைவிலுள்ள கிணறுகளிலும் அழுத்தம் தாழ்வதைப் போகப் போகக் கண்டார்கள். சாஸ்திரம் பிறக்குமுன்பே அனுபவம் சொன்ன பாடம் அது: அந்த வயல் முழுவதும் பிளவுகளால் ஒன்றோடொன்று இணைந்த ஒரே தேக்கம்.

அந்த அனுபவத்தைக் கணிதமாக்கிய பெருமை முதலில் தண்ணீருக்குச் சேருகிறது. அமெரிக்கப் புவியியல் அளவைத் துறையைச் சேர்ந்த தெய்ஸ், கிணற்றில் நீர் இறைப்பதும் உலோகத் தகட்டில் வெப்பம் பரவுவதும் ஒரே கணித வடிவத்துக்கு அடங்கும் என்று கண்டு, இறைப்பை நிறுத்தியபின் நீர்மட்டம் மீண்டு ஏறும் வேகத்திலிருந்தே நிலத்தின் கடத்துதிறனைக் கணக்கிடலாம் என்று 1935-ல் காட்டினார். பதினாறு ஆண்டுகளுக்குப் பின், 1951-ல், ஹார்னர் என்பவர் அதையே எண்ணெய்க் கிணற்றுக்கு எடுத்தாண்டார். கிணற்றைச் சில நாள் ஓடவிட்டு, பிறகு வாயை அடைத்து, அடியில் இறக்கிய அழுத்தமானி நிமிஷத்துக்கு நிமிஷம் காட்டும் ஏற்றத்தைக் குறித்துக்கொண்டு, காலத்தின் மடக்கைக்கு எதிரே வரைந்தால், ஏற்றம் ஒரு நேர்கோடாக அமையும். கோடு செங்குத்தாக ஏறினால் பாறை இறுக்கமானது. படுத்துக் கிடந்தால் தாராளமானது. அடைத்த கிணறு எவ்வளவு நேரம் காத்திருக்கிறதோ அவ்வளவு தூரத்துப் பாறையின் செய்தி வந்து சேரும். இருமடங்கு தூரத்தை அறிய நான்கு மடங்கு நேரம் காத்திருக்கவேண்டும். விரற்கடைத் துண்டு சொல்லாததை இந்தச் சோதனை நூற்றுக்கணக்கான மீட்டருக்குச் சராசரியாகச் சொல்கிறது.

வெடிப்புற்ற பாறையில் அந்த நேர்கோடு இரண்டாகிறது. 1960-ல் ருஷ்ய விஞ்ஞானிகளான பாரன்பிளாட், ஷெல்தோவ், கோச்சினா ஆகிய மூவரும், 1963-ல் அமெரிக்காவில் வாரன், ரூட் ஆகிய இருவரும், ஒரே இடத்தில் இரண்டு ஊடகங்கள் இருப்பதாகப் பாவிக்கும் கருத்தை நிறுவினார்கள். திருவட்டாற்றுக்காரருக்கு இதை விளக்குவது கடினமன்று. 1966-ல் எழும்பிய மாத்தூர்த் தொட்டிப்பாலம் பரளியாற்றுக்கு மேலே நீரைக் கடத்துகிறது, ஆனால் நீரைத் தேக்கிவைப்பதில்லை. அது சென்று நிரப்பும் குளங்கள் தேக்கிவைக்கின்றன, கடத்துவதில்லை. வெடிப்பு தொட்டிப்பாலம், வெடிப்புகளுக்கிடையே அடைபட்ட பாறையுடல் குளம். முதலில் வெடிப்பில் உள்ள எண்ணெய் மட்டும் கிணற்றுக்கு ஓடிவர, அழுத்தம் ஒரு நேர்கோட்டில் செல்லும். பிறகு பாறையுடல் மெல்லக் கசிந்து வெடிப்புக்கு ஊட்டும்போது கோடு மட்டமாகும். கடைசியில் இரண்டும் ஒத்திசைந்தபின் முதற்கோட்டுக்கு இணையாக இன்னொரு நேர்கோடு தோன்றும். கோடுகளின் சரிவு வெடிப்புகளின் ஊடுருவுதிறனைத் தருகிறது; அவற்றுக்கிடையிலுள்ள விலகல், மொத்தத் தேக்கத்தில் வெடிப்பின் பங்கு எவ்வளவு என்று சொல்கிறது; மட்டமான பகுதி தோன்றும் காலம், பாறையுடல் எவ்வளவு மனமுவந்து கொடுக்கிறது என்பதற்கு அளவாகிறது.

அழகான சித்தாந்தம்தான். ஆனால் வயலில் முதற்கோடு கண்ணில் படுவது அரிது. கிணற்றுக்குழாயில் நிற்கும் திரவமே தொடக்க நிமிஷங்களின் செய்தியை விழுங்கிவிடுகிறது. 1983-ல் பூர்தே என்பவரும் அவருடைய சகாக்களும், அழுத்தத்தை வரையாமல் அது மாறும் வேகத்தை வரைந்தால், மறைந்திருந்த இடைநிலை ஒரு பள்ளமாகப் புலப்படும் என்று காட்டிய பிறகே இந்த முறைக்கு உயிர் வந்தது. இன்னமும் ஓர் எச்சரிக்கை உண்டு: இரண்டு அடுக்குகளாக அமைந்த சாதாரணப் பாறையும் ஏறக்குறைய இதே வடிவத்தைக் காட்டக்கூடும். படமும், சேறு போன கணக்கும் வெடிப்புக்குச் சாட்சி சொல்லாதபோது, பள்ளத்தை மட்டும் கண்டு வெடிப்பு என்று தீர்மானிப்பது அவசரம்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று இருக்கிறது. சோதனை தருவது ஊடுருவுதிறன் தனியாக அன்று. ஊடுருவுதிறனும் பாறையின் கனமும் பெருக்கிய தொகை. மணற்பாறையில் கனம் எவ்வளவு என்பது தெளிவு. அடிப்பாறையில் கிணறு நூறு மீட்டர் இறங்கியிருக்க, அதில் எண்ணெய் தரும் வெடிப்புப் பட்டைகள் எல்லாம் சேர்ந்து ஐந்து மீட்டர் மட்டும் இருக்கலாம். அந்தத் தொகையை நூறால் வகுப்பதா, ஐந்தால் வகுப்பதா? இரண்டு விடைகளுக்கும் இருபது மடங்கு வித்தியாசம், இரண்டும் பொய்யல்ல. வயல் முழுவதையும் கணிப்பொறியில் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுபவருக்கு நூறால் வகுத்தது வேண்டும். எந்தப் பட்டையிலிருந்து நாளை நீர் புகுந்துவரும் என்று அஞ்சுபவருக்கு ஐந்தால் வகுத்தது வேண்டும். வெடிப்புற்ற பாறைக்கு ஊடுருவுதிறன் என்பது, நிறம்போலவும் எடைபோலவும் பாறை தன்னிடத்தே வைத்திருக்கும் குணம் அன்று. இவ்வளவு பரப்பில், இந்தத் திசையில், இந்த அழுத்தத்தில் என்று நாம் கேட்கும் கேள்விக்கு அது தரும் பதிலே என்பது என் துணிபு. கேள்வியைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்லும் அறிக்கைகள் ஏராளம். அவற்றை வைத்துக்கொண்டு நடக்கும் தர்க்கங்களில் பாதி வீண்.

அழுத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். வெடிப்பைத் திறந்து வைத்திருப்பதில் அதனுள் இருக்கும் திரவத்தின் அழுத்தத்துக்கும் பங்குண்டு. எண்ணெயை அவசரமாக இறைத்தால் அழுத்தம் தாழ்ந்து, மேற்பாறையின் பாரமும் பக்கங்களின் நெருக்கமும் வெடிப்பை நெரிக்கின்றன; அகலம் பாதியானால் ஓட்டம் எட்டில் ஒன்றாகும். நேற்று அளந்த ஊடுருவுதிறன் இன்று இல்லை. பூமியின் பக்கநெருக்கம் எல்லாத் திசையிலும் ஒன்றாக இருப்பதில்லை. அதிக நெருக்கம் எந்தத் திசையில் இருக்கிறதோ அதற்கு இணையாக ஓடும் வெடிப்புகள் பெரும்பாலும் திறந்திருக்கும், குறுக்கே ஓடுபவை மூடியிருக்கும். அதனால் கிழக்கு மேற்காக ஒரு விடையும் வடக்கு தெற்காக வேறு விடையும் வருவது இப்பாறைகளில் சகஜம். எண்ணெயைத் தள்ளுவதற்காகச் செலுத்திய நீர், திறந்த வெடிப்பு ஒன்றைக் கண்டுபிடித்து நேரே உற்பத்திக் கிணற்றில் வந்து நிற்கும் விபரீதமும் இதனால்தான் நேர்கிறது.

திருவட்டாற்றுப் பக்கத்தில், வெட்டுக்கல் அடுக்கைத் தாண்டிக் கருங்கல்லில் இறங்கும் ஆழ்துளைக் கிணறுகளுக்கும் இந்த இயல் அப்படியே பொருந்தும். ஒரு புரையிடத்தில் முந்நூறு அடி போட்டும் புழுதியே பறக்க, நாற்பது அடி தள்ளி அடுத்தவர் போட்ட துளையில் நீர் பொங்குவதற்கு, நீரோட்டம் பார்ப்பவரின் கைராசி காரணமன்று. ஒருவருக்கு வெடிப்பு அகப்பட்டது, மற்றவருக்கு அகப்படவில்லை. அகப்பட்டவருக்கும் நீர் தரும் வெடிப்பு எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பது முதல் நாளின் பொங்கலிலிருந்து தெரியாது. தெய்ஸ் சொன்ன வழி இதற்குப் போதும்; அழுத்தமானி வேண்டாம், அளவுநாடாவும் கடிகாரமும் இருந்தால் போதும். ஆழ்துளைக் கிணறு போடும் அன்பர்கள், மோட்டார் பொருத்தியவுடன் சில மணி நேரம் ஒரே வேகத்தில் இறைத்துவிட்டு நிறுத்தி, நீர்மட்டம் ஒன்றாம் நிமிஷத்தில் எங்கே, பத்தாம் நிமிஷத்தில் எங்கே, நூறாம் நிமிஷத்தில் எங்கே என்று ஒரு தாளில் எழுதி, துளைபோட்ட ரசீதோடு சேர்த்து வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். சில வருஷம் கழித்துக் கிணறு சோரும்போது, மறுபடியும் அதே சோதனையைச் செய்து இரண்டு தாள்களையும் ஒப்பிட்டால், வற்றியது வெடிப்பா, பழுதானது மோட்டாரா என்று அடுத்த துளைக்குப் பணம் செலவிடுமுன் தெரிந்துவிடும்.